இரவில் வானம் தெளிந்திருந்ததா?

பங்குனி மாதம் அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பாளையம்பட்டியில் மொட்டைமாடியில் படுத்துறங்குகிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வானம் வெளுத்து நட்சத்திரம் தெரிந்தால் விடியக்காலையில் கை தானாகப் போர்வையைத் தேடும். மேகம் போட்டு மூடிவிட்டால் பொழுது விடியும்வரை புழுக்கம்தான். பகலெல்லாம் வெயிலை வாங்கிய கரிசல் தரை, பொழுது சாய்ந்ததும் அந்தச் சூட்டைக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாக மேலே விட்டுக்கொண்டே இருக்கிறது. வானம் திறந்திருந்தால் அதில் ஒரு பங்கு நேரே விண்வெளிக்குப் போய்விடும். மேகம் இருந்தால் அது சூட்டை வாங்கி மறுபடியும் தரைக்கே அனுப்பும்.

அருப்புக்கோட்டையிலிருந்து நேர்கோட்டில் சுமார் 2,500 கிலோமீட்டர் வடக்கே, மணாலிக்கு மேலுள்ள இமயமலைச் சரிவுகளில், ஏப்ரல் மாதத்தில் பனிமேல் ஏறப்போகிறவர்களும் இதே வானத்தைத்தான் பார்க்கிறார்கள். ராத்திரி மேகம் இருந்ததா, இல்லையா? அன்றைக்கு மலைக்குப் போகலாமா, போனால் எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்பதை எல்லாவற்றுக்கும் முன்பாக இந்த ஒரு கேள்வி முடிவு செய்துவிடுகிறது. ஏன் என்று சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

பனிச்சறுக்கு என்றதும் பலருக்கு சினிமாவில் பார்த்த குல்மார்க் நினைவுக்கு வரும். ரோப் காரில் ஏறி உச்சிக்குப் போய், சீர்செய்த பாதையில் சறுக்கி இறங்குவது அது. ஸ்கீ டூரிங் என்பது வேறு. இதில் ரோப் கார் இல்லை, சீர்செய்த பாதை இல்லை, வேலி இல்லை, எச்சரிக்கைப் பலகையும் இல்லை. ஸ்கீயைக் காலில் மாட்டிக்கொண்டே மூன்று மணி, நான்கு மணி நேரம் மலையேறி, அதே ஸ்கீயில் இறங்க வேண்டும். நல்ல தேகக்கட்டு உள்ளவர் மணிக்கு 300 முதல் 400 மீட்டர் உயரம் ஏறுவார். இதைப் பந்தயமாக்கிய வடிவம் 2026 மிலான்-கோர்டினா குளிர்கால ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது.

வழுக்குவதற்கென்றே செய்த பலகையைக் கட்டிக்கொண்டு ஒருவர் எப்படி மேட்டில் ஏறுகிறார்? இதற்கான விடை நெசவில் இருக்கிறது. தறியை அறிந்த அருப்புக்கோட்டை வட்டாரத்து வாசகர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ஸ்கீயின் அடிப்பக்கத்தில் நீளவாக்கில் ஒட்டும் ஒரு துணிப்பட்டை உண்டு. ஆதியில் கடல்நாயின் தோலை மயிரோடு கட்டினார்கள். அதனால் இன்றும் அதற்குத் தோல் என்றே பெயர், ஸ்கின். இப்போது அது தறியில் நெய்தது. பாவும் ஊடையுமாக அடித்துணி ஓடும்போதே தனியாக ஒரு நூலை மேலே எழுப்பி வெட்டிவிட்டால், துணியின் முகத்தில் மயிர் நிற்கும். வெல்வெட் நெய்வதும் இப்படித்தான். இந்தத் துணியில் அந்த மயிரை ஒரே திசையில், ஸ்கீயின் வால்பக்கம் பார்த்துச் சாய்த்துவிடுகிறார்கள். முனையிலிருந்து வாலை நோக்கி விரலால் தடவினால் வழவழவென்று போகும். எதிர்ப்பக்கம் தடவினால் விரலைப் பிடித்து நிறுத்தும். காலை முன்னே தள்ளும்போது ஸ்கீ வழுக்கிக்கொண்டு போவதும், உடம்பின் எடை இறங்கியதும் பின்னால் நழுவாமல் பனியில் ஊன்றி நிற்பதும் இதனால்தான்.

நூல் தேர்விலும் ஒரு கணக்கு உண்டு. அங்கோரா ஆட்டின் மயிரான மோஹேர் நன்றாக வழுக்கும், ஆனால் சீக்கிரம் தேயும். நைலான் நன்றாகப் பிடிக்கும், உழைக்கும், ஆனால் வழுக்கல் குறைவு. எழுபது பங்கு மோஹேர், முப்பது பங்கு நைலான் என்ற கலவை பரவலாக இருக்கிறது. இளவேனிலில் இன்னொரு தொல்லை சேரும். வெயில்பட்ட ஈரப்பனியில் நடந்து துணி ஊறிய பிறகு நிழலில் கிடக்கும் உலர்பனிக்குள் கால்வைத்தால், ஈரம் உறைந்து பனி அடியில் கட்டிகட்டியாக அப்பிக்கொள்ளும். ஒவ்வொரு காலுக்கும் இரண்டு கிலோ கூடிவிட்டது என்று தோன்றும். மெழுகுக்கட்டியைத் துணியில் தேய்த்துக்கொண்டு போவதுதான் வைத்தியம்.

உச்சியில் பட்டையை உரித்து, பசைமுகம் இரண்டையும் சேர்த்து மடித்து, குளிரில் பசை செத்துவிடாமல் சட்டைக்குள் வைத்துக்கொள்வார்கள். ஏறும்போது காலணியின் முன்பக்கம் மட்டும் ஸ்கீயில் மாட்டியிருக்கும், குதிகால் எழும்பித் தாழும். இறங்கும்போது குதிகாலும் பூட்டப்படும். இரண்டு ஊசிமுனைகள் காலணியின் முனையை இருபக்கமும் கவ்விக்கொள்ளும் இன்றைய எடைகுறைந்த பூட்டை 1980-களில் ஆஸ்திரியாவின் ஃபிரிட்ஸ் பார்தெல் உருவாக்கினார். கருவிகளைப் பற்றி இவ்வளவு போதும். உயிரை எடுப்பதும் கொடுப்பதும் கருவி இல்லை, காலுக்குக் கீழே கிடக்கும் பனி.

கரிசலில் கிணறு வெட்டுகிறவர்கள் மேலே கருமண், கீழே சுக்கான், அதற்கும் கீழே பாறை என்று அடுக்கைப் படிப்பதுபோல, பனிமலையில் போகிறவர்களும் குழி தோண்டி அடுக்கைப் படிக்கிறார்கள். மார்கழியில் பெய்தது அடியில், தையில் பெய்தது நடுவில், மாசியில் பெய்தது மேலே. காற்று கொண்டுவந்து இறுக்கி அடித்த பனி ஓர் அடுக்கு, வெயிலில் உருகி இரவில் உறைந்த கண்ணாடித்தகடு ஓர் அடுக்கு. குழியின் சுவரில் முதலில் முஷ்டியை அழுத்திப் பார்ப்பார்கள். முஷ்டி உள்ளே போனால் அது மிக மெத்தென்ற அடுக்கு. போகாவிட்டால் நான்கு விரல், பிறகு ஒரு விரல், பிறகு பென்சில், கடைசியாகக் கத்தி. உலகமெங்கும் பனிமலைக்காரர்கள் இந்த வரிசையில்தான் கெட்டித்தன்மையை அளக்கிறார்கள்.

அவர்கள் தேடுவது கெட்டி அடுக்குக்கு அடியில் ஒளிந்திருக்கும் சொத்தை அடுக்கை. பனிப்படிவு மெலிசாகவும் வெளிக்காற்று கடுங்குளிராகவும் இருந்தால், தரையோரப் பனிக்கும் மேற்பரப்புக்கும் இடையே வெப்ப வேறுபாடு பெரிதாகிவிடும். ஒரு மீட்டருக்குப் பத்து டிகிரிக்கு மேல் வேறுபாடு வந்தால் நீராவி அடியிலிருந்து மேலே நகர்ந்து, பனித்துகள்களைக் கோணல்கோணலான படிகங்களாக மாற்றிவிடுகிறது. ஒன்றோடொன்று ஒட்டாத இவற்றைக் கையில் அள்ளினால் விரல்சந்தில் பொலபொலவென்று கொட்டிவிடும். மேலே கெட்டியான பலகை, கீழே ஒட்டாத மணிகள், சாய்மானம் 30 முதல் 45 டிகிரி. ஒரு மனிதரின் எடை அதில் விரிசலைத் தொடங்கினால் போதும், விரிசல் கண்ணிமைக்கும் நேரத்தில் குறுக்கே ஓடி மலைச்சரிவின் ஒரு பக்கமே பெயர்ந்து கீழே வரும். பலகைச் சரிவு என்று சொல்லப்படும் இதுதான் ஸ்கீக்காரர்களை அதிகமாகக் கொல்வது. பெரும்பாலும் சிக்கியவரோ அவருடன் வந்தவரோதான் அதைக் கிளப்பிவிட்டிருப்பார்.

இது குளிர்காலக் கதை. ஏப்ரலில் ஆட்டம் மாறுகிறது.

குளிர்காலம் முழுக்க பனிக்குள் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும். வெயில் ஏற ஏற மேலிருந்து கீழ்வரை பூஜ்யத்தை எட்டிவிடும். அதன்பிறகு வரும் சூடெல்லாம் உருக்குவதற்கே செலவாகும். ஒரு கிராம் பனியை நீராக்க 80 கலோரி வேண்டும். அதே ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சூடேற்ற ஒரே கலோரி போதும். இவ்வளவு சூட்டைக் கேட்பதால்தான் பனி உடனே கரைந்து ஓடாமல் வாரக்கணக்கில் நிற்கிறது. புதுப்பனி வெயிலில் எண்பது, தொண்ணூறு சதவீதத்தைத் திருப்பி எறிந்துவிடும் என்பதும் இன்னொரு காரணம். ஆனால் இளவேனிலில் தார்ப் பாலைவனப் பக்கமிருந்து கிளம்பும் புழுதி இமயமலைவரை வந்து பனிமேல் படிகிறது. அழுக்கேறிய பனி வெயிலை அதிகமாக விழுங்குகிறது.

உருகிய நீர் கீழே இறங்கும். பனியில் கொஞ்சம் ஈரம் இருப்பது நல்லதுதான், துகள்களை அது ஒட்டவைக்கும். நீர் கூடும்போது துகள்களுக்கு நடுவே இருந்த பாலங்கள் கரைந்துபோகும். இதைச் சோதிக்க ஆய்வகம் வேண்டாம், ஒரு கைப்பிடிப் பனி போதும். பிடித்தால் உருண்டையாகிறதா? ஈரம் ஏறத் தொடங்கிவிட்டது. லேசாகப் பிழிந்தால் நீர் சொட்டுகிறதா? அந்தச் சரிவில் இனி நிற்கக் கூடாது. நீர் இறங்கும் வழியில் ஒரு பனித்தகடு குறுக்கிட்டால் அதன்மேல் தேங்கி வழுக்குப் படலமாகிவிடும். குளிர்காலத்திலிருந்து அடியில் உறங்கிக்கிடந்த சொத்தை மணிகளை முதன்முதலாக நீர் தொடும் நாட்கள் எல்லாவற்றிலும் கெட்டவை. மாதக்கணக்கில் அசையாமல் நின்ற சரிவு, யாரும் கால்வைக்காமலே, ஒரு மதியத்தில் தரைவரை பெயர்ந்து இறங்கும்.

இந்த ஈரச்சரிவுக்கு உலர்பனியின் வேகம் இல்லை. உலர்பனி மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும், இது பல நேரம் 30, 40-இல் ஊர்ந்து வரும். அதை நம்பி அலட்சியம் கொள்ளக் கூடாது. கனமீட்டருக்கு 400, 500 கிலோ எடையோடு மரத்தையும் பாறையையும் உருட்டிக்கொண்டு வந்து, நின்ற நொடியில் இறுகிவிடும். உள்ளே அகப்பட்டவர் விரலைக்கூட அசைக்க முடியாது.

சரி, இரவு இதில் எங்கே வருகிறது?

பகலில் நீரோடு நீராக நொதுநொதுத்துக் கிடந்த மேற்பரப்பு, தெளிந்த இரவில் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு உறைகிறது. காற்றின் வெப்பநிலை பூஜ்யத்துக்கு இரண்டு டிகிரி மேலே இருந்தாலும்கூட, வானம் திறந்திருந்தால் பனியின் முகம் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். கூடாரத்துக்கு வெளியே தொங்கும் தெர்மாமீட்டரை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்பது இதனால்தான். விடியும்போது மேலே ஒரு சாண் அளவுக்குக் கெட்டிப்பட்டிருந்தால், அந்த ஓடு முழுச்சரிவையும் கட்டிப்பிடித்து வைத்திருக்கும். அதன்மேல் ஆள் நடக்கலாம், ஸ்கீ ஓட்டலாம். மேகம் மூடிய இரவில் ஓடு உருவாகாது. அல்லது இரண்டு விரற்கடை அளவு உருவாகும், கீழே கஞ்சியாகக் கிடக்கும். அப்படிப்பட்ட காலையில் தொடங்கும்போதே சரிவு நேற்று மதியம் இருந்த நிலையில் இருக்கிறது. என் கணிப்பில் இளவேனில் பனிக்கென்று கற்றுக்கொள்ள வேண்டிய பாடங்களில் இதுவே முதலாவது. பனிக்குழியும் விரல் சோதனையும் அதற்குப் பிறகுதான். ஈரப்பனியில் நிலைமை மணிக்கொரு தரம் மாறுகிறது, ஒன்பது மணிக்குத் தோண்டிய குழி பதினொரு மணிக்குப் பழைய செய்தி.

ஆகவே இந்தப் பயணம் கடிகாரத்தோடு கட்டுண்டது. மணாலிக்கு மேலே, 2020 அக்டோபரில் திறந்த 9 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதையின் தெற்கு வாயிலை ஒட்டிய துண்டி போன்ற இடங்களிலிருந்து புறப்படுவது என்றால், இருட்டிலேயே, தலைவிளக்கு வெளிச்சத்தில் கிளம்ப வேண்டும். ஓடு கெட்டியாக இருக்கும்போது துணிப்பட்டை மட்டும் பிடிக்காது, ஸ்கீயின் நடுவில் உலோகப் பற்களை மாட்டிக்கொள்வார்கள். இந்த நேரத்தில் வேறோர் ஆபத்து இருக்கிறது, தவறி விழுந்தால் வழுக்கிக்கொண்டே அடிவாரம் போக வேண்டியதுதான். கிழக்கு பார்த்த சரிவில் வெயில் முதலில் விழும், பிறகு தெற்கு, மதியம் மேற்கு. அந்த வரிசையிலேயே ஒவ்வொரு சரிவும் இளகும். வடக்குச் சரிவு பல நாள் குளிர்காலக் குணத்தோடேயே கிடந்து, பருவத்தின் கடைசியில் திடீரென்று ஈரமாகும்.

ஓட்டின் மேல்முகம் மட்டும் ஓரங்குலம் இளகி, கீழே கெட்டியாக இருக்கும் ஒரு மணி, இரண்டு மணி நேரம்தான் ஸ்கீக்காரர்கள் காத்திருக்கும் நேரம். திரும்பத்திரும்ப உருகி உறைந்து உருண்டையான மணிகள் மேல் ஸ்கீ சர்ரென்று ஓடும், எந்தத் திருப்பத்துக்கும் இணங்கும். அதை அனுபவித்தவர்கள் இன்னும் ஒரு தடவை ஏறலாமே என்று ஆசைப்படுவார்கள். விபத்துக்கு வழி அங்கேதான் திறக்கிறது. நிறுத்திக்கொள்ள வேண்டிய நேரத்தை மலையே சொல்லும். பாறையோரங்களிலிருந்து பனி தானாக உருண்டைகளாகச் சுருண்டு இறங்கும். ஸ்கீயைக் கழற்றிவிட்டுக் காலணியோடு நின்றால் கால் கணுக்காலுக்கு மேலே புதையும். எதிர்ச்சரிவில் சின்னச்சின்னச் சரிவுகள் ஒரு புள்ளியில் தொடங்கி விசிறியாக விரிந்து விழும். இதில் ஒன்றைக் கண்டாலும் செங்குத்துச் சரிவை விட்டு விலகிவிட வேண்டும். உச்சி நூறு மீட்டர் தூரத்தில் இருந்தாலும் சரி.

2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமில் காங்டாக்கிலிருந்து நாதுலா போகும் சாலையில், 15-ஆவது மைல் அருகே, நண்பகல் வாக்கில் பனி சரிந்து ஏழு சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். அவர்கள் ஸ்கீக்காரர்கள் இல்லை, பனியைப் பார்க்க வந்தவர்கள். தமிழ்நாட்டிலிருந்து கோடைவிடுமுறைக்கு சிக்கிமுக்கும் மணாலிக்கும் போகிற குடும்பங்கள் இன்று எத்தனையோ. சாலையோரம் வெள்ளையாகக் கிடக்கும் மேட்டைப் பார்த்ததும் குழந்தைகள் ஏற ஓடுவார்கள். மதியவேளையில், மேலே செங்குத்தான பனிச்சரிவு தொங்கும் இடத்தில், அந்தப் பக்கம் விடக் கூடாது. குல்மார்க்கில் அபர்வத் மலைச்சரிவில் 2023 பிப்ரவரி 1 அன்று போலந்து நாட்டு ஸ்கீக்காரர்கள் இருவர் இறந்ததும், மறுவருடம் அதே மாதம் ரஷ்யர் ஒருவர் இறந்ததும் சீர்செய்யாத சரிவுகளில் நடந்தவை. அவை புதுப்பனியின் விபத்துகள்.

இன்னொன்றைச் சொல்லாமல் தாண்ட மனம் வரவில்லை. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில், சுமார் 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் காவல்நிலையைப் பனி மூடியது. மெட்ராஸ் ரெஜிமென்டின் 19-ஆவது பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் புதைந்தார்கள். அவர்களில் நால்வர் தமிழ்நாட்டவர்: வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பிள்ளைகள். மதுரை மாவட்டத்து வீரரின் ஊர் சொக்கத்தேவன்பட்டி, நம்மைப்போலவே வானம் பார்த்த பூமி. ஆறு நாளுக்குப் பிறகு கர்நாடகத்தின் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பத் உயிரோடு மீட்கப்பட்டு, பிப்ரவரி 11-இல் டெல்லி மருத்துவமனையில் இறந்தார். அது ஸ்கீயும் இல்லை, இளவேனிலும் இல்லை. ஆனால் பனி எப்படி நிற்கிறது, எப்படி விழுகிறது என்பது நமக்குச் சம்பந்தமில்லாத படிப்பு என்று சொல்ல முடியாமல் ஆக்கிவிட்டது. அந்த வீரர்களின் தியாகத்தைத் தமிழில் நிறைய எழுதினோம். அவர்களை மூடிய பொருளைப் பற்றியும் அதே அக்கறையோடு எழுத வேண்டும்.

ஹனுமந்தப்பா ஆறு நாள் உயிரோடிருந்தது அபூர்வத்திலும் அபூர்வம். 1994-இல் நேச்சர் இதழில் வெளிவந்த சுவிட்சர்லாந்து ஆய்வின்படி, முழுதும் புதைந்தவர்களில் 15 நிமிடம்வரை 92 சதவீதம் பேர் உயிரோடு இருக்கிறார்கள். 35 நிமிடத்தில் அது 30 சதவீதமாக விழுந்துவிடுகிறது. மூச்சுமுட்டல்தான் காரணம். மீட்புப்படை ஹெலிகாப்டரில் வந்தாலும் அந்தப் பதினைந்து நிமிடத்துக்குள் வந்து சேர்வது அரிது. ஆக, காப்பாற்ற முடிந்தவர் கூட வந்தவர் மட்டுமே.

அதற்காகத்தான் ஒவ்வொருவரும் மூன்று பொருள் வைத்திருக்க வேண்டும். முதலாவது, உடம்போடு கட்டிய டிரான்ஸீவர். 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் அது ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கும். எந்தக் கம்பெனி தயாரித்தாலும் அலைவரிசை ஒன்றுதான். யாராவது புதைந்துவிட்டால் மற்றவர்கள் தங்கள் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றி, அம்புக்குறி காட்டும் வழியில் போவார்கள். அந்த வழி நேராக இருக்காது, காந்தப்புலத்தின் வளைவிலேயே வளைந்து கொண்டுபோகும். இரண்டாவது, மடக்கி விரிக்கும் நீளக்கம்பி. கருவி காட்டும் தூர எண் மிகக் குறையும் இடத்தில் பனிக்குச் செங்குத்தாகக் குத்தி, 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சுழன்று சுழன்று தேட வேண்டும். உடம்பு தட்டுப்பட்டதும் கம்பியைப் பிடுங்காமல் அங்கேயே விட்டுவிட வேண்டும். மூன்றாவது, உலோக மண்வாரி. நேர்மேலே நின்று தோண்டக் கூடாது, புதைந்தவரின் மூச்சுக்குழி நசுங்கும். சரிவின் கீழ்ப்பக்கம் நின்று உள்நோக்கி வெட்டி வர வேண்டும். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்ற இரண்டால் பெரிய பலன் இல்லை.

இந்தியாவில் பனிச்சரிவு எச்சரிக்கைக்கென்று ஓர் அமைப்பு உண்டு: 1969-இல் மணாலியில் தொடங்கிய பனி மற்றும் பனிச்சரிவு ஆய்வு நிறுவனம், 2020-இல் டி.ஆர்.டி.ஓ.வின் இன்னொரு ஆய்வகத்தோடு இணைந்து டி.ஜி.ஆர்.இ. என்ற பெயரில் இயங்குகிறது. எந்த மாவட்டத்தில், எத்தனை மீட்டர் உயரத்துக்கு மேல், அடுத்த 24 மணி நேரத்துக்கு ஆபத்து எந்த அளவு என்று அது அறிவிப்பு தருகிறது. இமயமலையை அவர்கள் மூன்று பனி மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். அவற்றில் இரண்டை மட்டும் பார்ப்போம். குல்மார்க் இருக்கும் பீர்பஞ்சால் பக்கம் பனி அதிகம், வெப்பமும் அதிகம், ஈரச்சரிவு சீக்கிரம் வரும். சியாச்சின் இருக்கும் காரகோரத்தில் பனி உலர்ந்தது, கடுங்குளிர், அடியில் ஒட்டாத மணிகள் வளரும். காரகோர மலைகளைக் குல்மார்க்கின் கண்ணோடு பார்ப்பதும் தவறு, ஐரோப்பியப் புத்தகத்தை அப்படியே அங்கே பொருத்துவதும் தவறு.

கற்க விரும்புகிற இளைஞர்களுக்கு மணாலியில் 1961 முதல் இயங்கும் மலையேற்ற நிறுவனம் இருக்கிறது. இன்று அது அடல் பிகாரி வாஜ்பாய் பெயரில் நடக்கிறது. மலையேற்றத்தோடு ஸ்கீ வகுப்புகளும் அங்கே உண்டு, எந்த மாநிலத்தவரும் சேரலாம். சறுக்கக் கற்பதோடு நின்றுவிடாமல் டிரான்ஸீவரைப் பனியில் புதைத்துத் தேடியெடுக்கும் பயிற்சியையும் கேட்டு வாங்குங்கள். பதினைந்து நிமிடத்துக்குள் தேடி, குத்தி, தோண்டி முடிக்கக் கை பழகும்வரை சீர்செய்த பாதையிலேயே சறுக்குங்கள். பழகிய பிறகும், உங்களைத் தோண்டியெடுக்கத் தெரிந்த இன்னொருவர் கூட இருந்தால் மட்டுமே மேலே போங்கள்.